பின் சக்கரத்தின் மேல் ஒரு குடும்பம்

போன அமாவாசையன்று நண்பகலில், செஞ்சி பஸ் ஸ்டாண்டில் என் மனைவி ஒரு சத்தியாக்கிரகம் நடத்தினாள். மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ் தயாராக நிற்கிறது. அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டவளும் அவள்தான். ஆனால் ஏற மாட்டேன் என்கிறாள்!

"இந்த பஸ்ல ஒட்டு டயர் மாட்டியிருக்காங்களாம். பூக்காரம்மா சொல்றாங்க. வெயில் ஏறுனா ஒட்டு விட்டுடுமாம்."

பஸ் ஸ்டாண்டு முழுக்க அன்று அதே பேச்சு. இடம் பிடித்து உட்கார்ந்திருந்த சிலர்கூட இறங்கிப் போனார்கள். அமாவாசையன்று கிடைத்த சீட்டை ஒருவர் விடுகிறார் என்றால், பயம் எந்த அளவுக்கு இருந்திருக்க வேண்டும்?

எனக்குப் பயமில்லை. அந்த டயர் தயாரானதை நான் கண்ணால் பார்த்திருந்தேன்.

தயாரித்தவர் ஆரோக்கியசாமி. பக்கத்துக் கிராமத்து வேதக்காரக் குடும்பம், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். மெட்ராஸில் ஒரு டயர் பேக்டரியில் ஏழு வருஷம் இருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டு வந்து, திண்டிவனம் ரோட்டில் ஒரு தகர ஷெட் போட்டிருக்கிறார். தேய்ந்து மொட்டையான டயருக்குப் புது ரப்பர் போட்டுத் தருவது தொழில். இங்கிலீஷில் ரீட்ரெடிங். நம் ஜனங்கள் 'ஒட்டு டயர்' என்று முடித்துவிட்டார்கள்.

"ஒட்டுறது இல்ல சார், வேக வைக்கிறது" என்றார் அவர், நான் போய்ப் பார்த்தபோது.

முதலில் பழைய டயருக்குள் ஒரு பல்பைப் பிடித்துக்கொண்டு, விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவினார். ரப்பருக்கு அடியில் நூல் அடுக்கு இருக்கிறதாம். அது அறுந்திருந்தால் அந்த டயரைத் தொடவே மாட்டார். என் கண் முன்னே இரண்டைத் திருப்பி அனுப்பினார். தேறியதை ராவி, பசை தடவி, இன்னும் வேகாத பச்சை ரப்பர் பட்டையைச் சுற்றி, வட்டமான இரும்பு அச்சுக்குள் வைத்து மூடினார். பிறகு நீராவி. பச்சை ரப்பரில் கந்தகம் கலந்திருக்கிறதாம். சூடு பட்டதும் இரண்டும் சேர்ந்து கெட்டிப்படுகின்றன.

"கொஞ்சம் கொறைஞ்சா மாவு சார். கொஞ்சம் கூடுனா கட்டை. நடுவுல நிக்கணும்."

நான் அசந்தது அடுப்பைப் பார்த்து. கரியும் இல்லை, விறகும் இல்லை — மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலைத் தோல்! நம் ஊர் மில்களில் மலையாகக் குவிந்து கிடக்கிறதே, அதுதான். ஆனால் தோல் குபீரென்று எரிந்து குபீரென்று அணைந்துவிடும், சூடு நிலைக்காது. அதற்காகச் சரிவாக ஒரு தகரம் வைத்து, தோல் சிறுகச் சிறுகத் தானே அடுப்பில் விழும்படி செய்திருந்தார். மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாராம். எந்தப் பேக்டரி இதைச் சொல்லிக் கொடுத்தது?

புது டயருக்கு எழுதிப் போட்டுவிட்டு மாதக் கணக்கில் காத்துக் கிடக்கும் காலம் இது. ஆனாலும் ஊரில் யாரும் நம்பவில்லை. கடைசியில் ஒரு பஸ் முதலாளி மட்டும் ஒரே ஒரு டயர் போட்டுக்கொண்டார். அமாவாசைக் கூட்டத்தைத் தாங்கினால் அவருடைய எல்லா பஸ்ஸும் இவரிடம். தாங்காவிட்டால்... அந்த ஷெட்டுக்கு அப்புறம் யார் போவார்கள்?

சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்தபோதே ஆரோக்கியசாமி வந்தார். மனைவி பிலோமினா, இடுப்பில் இரண்டு வயதுப் பெண். நேராகப் பின்படியில் ஏறினார்கள்.

கண்டக்டர் சிரித்தார். "வேதக்காரங்க நீங்க... அமாவாசைக்கு இன்னாம்மா வேலை?"

"அம்மா எங்கள ஒண்ணும் சொல்ல மாட்டா. பின் சக்கரத்து மேல இருக்குற சீட்ட உடு" என்றாள் பிலோமினா. "எங்க ஊட்டுக்காரரு போட்ட டயர் அங்கதான் இருக்குது."

என் மனைவி அந்தக் குழந்தையையே பார்த்தாள். பிறகு ஏறி, பிலோமினாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பஸ் பிதுங்கியது. கூரை மேலும் ஆட்கள். ஆரோக்கியசாமி தலையைச் சாய்த்து சக்கரத்தின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார்.

வழியில் வளத்தி கிராமத்தைத் தாண்டியதும் — டப்!

பஸ் ஒரு பக்கம் சாய்ந்து இழுத்து நின்றது. "நான் அப்பவே சொன்னேன்! ஒட்டு பூட்ச்சு!" என்று பத்துக் குரல்கள். ஆரோக்கியசாமி கூட்டத்தை இடித்துக்கொண்டு குதித்தார். நானும் பின்னாலேயே.

பின் சக்கரத்தில் உள்ளங்கையை வைத்தார். சுடுகிறது. ஆனால் கல்லாக நிற்கிறது. ஒரு கீறல் இல்லை.

போனது முன் சக்கரம். போன மாதம் வாங்கிய புத்தம் புது கம்பெனி டயர். மாட்டு லாட ஆணி ஒன்று அதில் முழுசாக இறங்கியிருந்தது.

கூட்டம் அப்படியே கட்சி மாறியது. "புதுசு பூட்ச்சு, ஒட்டு நிக்குதுபா!" கண்டக்டர் கை தட்டினார். முன் சீட்டில் வந்த முதலாளி இறங்கிப் பார்த்துவிட்டு, ஆரோக்கியசாமியின் தோளில் கை போட்டார்.

"இனிமே கம்பெனி டயரே வாணாம். முன்னாடிக்கும் உன்னுதே போட்டுடு."

வேறு யாராக இருந்தாலும் கும்பிடு போட்டிருப்பார்கள். நானாக இருந்தால் நிச்சயம் போட்டிருப்பேன்.

"வாணாங்க மொதலாளி" என்றார் ஆரோக்கியசாமி. "அந்த டயர் மேல தப்பே இல்ல. லாட ஆணி ஏறுனா என்னுதும்தான் பூடும். முன்னாடி சக்கரம் வண்டியத் திருப்புறது. அதுக்குப் புதுசுதான் போடணும். எனக்குப் பின்னாடி மட்டும் குடுங்க."

பிலோமினா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சிரித்துக்கொண்டேதான் அடித்துக்கொண்டாள்.

முதலாளி, "நாளைக்கே நாலு டயர் அனுப்புறேன்" என்றார். சொன்னபடி அனுப்பினார். அதில் ஒன்றை நூல் அறுந்ததென்று இவர் திருப்பி அனுப்பிவிட்டார்!

வசை வரும்போது வாயை மூடிக்கொள்வது பெரிய காரியம்தான். ஆனால் புகழ் வரும்போது, 'இவ்வளவு எனக்குச் சேராது' என்று மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க எத்தனை பேரால் முடியும்?

நேற்று, என் சைக்கிள் டயரைத் தூக்கிக்கொண்டு பெருமையாக ஷெட்டுக்குப் போனேன். தடவிப் பார்த்தார்... "இதுக்கு அச்சு இல்ல சார். அச்சு இருந்தாலும் இது தேறாது. போய்ப் புதுசு வாங்குங்க!"