நிறைந்த பாட்டிலுக்கு அளவெடுத்தவள்

எஸ்தர் இறந்துபோன செய்தி எஸ்தரின் எண்ணிலிருந்தே வந்தது. அன்று காலை எங்கள் அலுவலக வேன் கேளம்பாக்கம் போகும் சாலையில் வழக்கம்போல நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. வேனில் வருபவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் பெயரைப் பார்த்ததும், விடுப்பு முடிந்து வேலைக்கு வருகிறாள், வேன் எங்கே என்று கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு கணம் சந்தோஷப்பட்டும் விட்டேன். அவள் கணவர் டேவிட், தன் எண் அந்தக் குழுவில் இல்லாததால், அவள் போனை எடுத்து எழுதியிருந்தார். படித்து முடித்துவிட்டு ஆளுக்கொரு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தோம். அழுவதற்கும் தெம்பு வேண்டும். அது அன்று எனக்கு இல்லை.

சிறுசேரியில் எங்களோடு வேலை பார்க்கிறவர்களுக்கும், பார்த்துவிட்டுப் போனவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எஸ்தரின் முகம் மறந்துபோனவர்களுக்குக்கூட அவள் தைத்த பாட்டில் பை நினைவிருக்கும். யார் யாரோ ஆஸ்பத்திரியில் கட்டிய பில்களைக் கணினியில் ஏற்றுவது எங்கள் வேலை. போன், பேனா, காகிதம் எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. தண்ணீர் பாட்டில் மட்டும் அனுமதி. ஒருநாள் யாருடைய பாட்டிலோ கவிழ்ந்து விசைப்பலகை நனைந்துவிட, மேசைமேல் இனி பாட்டில் வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. கீழே வைத்தால் உருண்டு யார் காலடிக்கோ போய்விடும். ஒரு பாட்டிலுக்காக நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து இடுப்பு போனதுதான் மிச்சம். அடுத்த திங்கட்கிழமை எஸ்தர் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து நாற்காலிக் கைப்பிடியில் மாட்டினாள். பாட்டில் அதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது. மதியச் சாப்பாட்டுக்குள் எல்லோரும் எனக்கொன்று, எனக்கொன்று என்று கேட்க ஆரம்பித்துவிட்டோம்.

பைக்குத் தோள்பட்டி எதில் போடுவது என்ற கேள்விக்கு விடை எங்கள் இழுப்பறைகளிலேயே இருந்தது. வேலையை விட்டுப் போகிறவர்கள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுப்பார்கள். அது தொங்கும் கழுத்துப்பட்டியை யாரும் கேட்பதில்லை. அந்தச் சமயத்தில் பலரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதனால் பட்டிகளுக்குப் பஞ்சமில்லை. எஸ்தர் அவற்றைத் துவைத்து உலர்த்தித் தைத்தாள். முதல் பை எங்கள் குழுத் தலைவருக்கு. அவர் அதை மிடுக்காகத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் இறங்கினார். பாதி வழியில் பட்டி தானாக விட்டுக்கொண்டது. பாட்டில் குதித்துக் குதித்துக் கீழ்த் தளத்துக்கு அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. எங்காவது மாட்டி இழுத்தால் கழுத்து இறுகிவிடக் கூடாது என்று அந்தப் பட்டியில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருக்கிறதே, அதை மறந்துவிட்டோம். தினமும் கழுத்தில் போட்டுக்கொண்டு அலையும் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. “கழுத்த காப்பாத்த வச்சதுதான்கா. பாட்டில எங்க காப்பாத்தும்?” என்று எஸ்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எல்லாக் கொக்கிகளையும் வெட்டிப் போட்டுவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துக் கட்டமாகத் தையல் போட்டு, நடுவில் பெருக்கல் குறி போலக் குறுக்கே தைத்தாள். அதன் பிறகு ஒன்றும் அறுந்ததில்லை.

நான் பொத்தான் தைக்கக்கூட ஆள் தேடுகிறவள். ஆனாலும் கேளம்பாக்கத்தில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், என் பை உருவாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டிலைத் துணியின்மேல் நிறுத்தி அடிப்பாகத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். ஒரு விரல் அகலம் தள்ளி வெட்டினாள். சில்லென்ற பாட்டில் வேர்த்தால் ஈரம் வெளியே வராதபடி உள்பக்கம் பழைய குடைத் துணி வைத்தாள். நான் காலி பாட்டிலைக் கொண்டுபோயிருந்தேன். அவள் எழுந்து போய் அதில் தண்ணீர் பிடித்து வந்த பிறகுதான் பட்டியின் நீளத்தைப் பார்த்தாள். “காலி பாட்டில வச்சி அளவு எடுத்தா ஏமாந்துடுவோம்கா. ரொப்பி வச்சிதான் எடுக்கணும்” என்றாள்.

தனக்கு மட்டும் அவள் தைத்துக்கொண்டது குட்டிப் பை. பாலர் வகுப்புப் பிள்ளை கொண்டுபோகும் அளவுக்கு ஒரு பாட்டில்தான் அதில் நுழையும். ஊருக்கெல்லாம் ஒரு லிட்டர், உனக்கு மட்டும் என்ன கஞ்சத்தனம் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வாரத்தில் இரண்டு நாள் மாமியாருக்கு வைத்தியம் என்று சொல்லி மதியமே கிளம்பிவிடுவாள். வேறு கம்பெனியில் வேலை தேடுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். பேசியவர்களில் நானும் உண்டு.

அலுவலகத்திலிருந்து எங்களை மாமல்லபுரத்துக்கு ஒருநாள் அழைத்துப் போனார்கள். வெயிலில் எல்லோரும் இளநீர்க் கடையை மொய்த்துக்கொண்டிருந்தபோது, எஸ்தர் தன் குட்டி பாட்டிலிலிருந்து ஒரு வாய் எடுத்து, வெகுநேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்துவிட்டு மணலில் துப்பினாள். நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, செங்கல்பட்டில் டயாலிசிஸ் நடக்கிறது, ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் கணக்கு வைத்திருக்கிறார், மீறினால் உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும் என்று கடலைப் பார்த்தபடியே சொன்னாள். மாமியாருக்கு ஒரு நோயும் இல்லை. அலுவலகத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். பெரிய பாட்டிலைப் பையில் வைக்கவே முடியக் கூடாது என்றுதான் அந்த அளவில் தைத்துக்கொண்டாளாம். அதன் பிறகு என்னிடம் ஒன்று கேட்டாள். “வேன்ல உங்க பக்கத்துலதான் உக்காந்துகினு கீறேன். நான் தண்ணி கேட்டாலும் குடுக்காதீங்கக்கா.”

சரி என்று சொல்லிவிட்டேன். அது எவ்வளவு அலுப்பான வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது. கத்திரி வெயிலில், நகராத வேனில், பக்கத்தில் இருப்பவள் உதடு வெடித்துப்போய் “ஒரே வாய்க்கா” என்று கேட்கும்போது, மாட்டேன் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவள் கேட்பாள், நான் மறுப்பேன். மறுநாளும் கேட்பாள். அவளெதிரே குடிக்க எனக்கு மனம் வராது. கேளம்பாக்கத்தில் அவள் இறங்கும்வரை எனக்கும் நாக்கு வறண்டு கிடக்கும். ஒருநாள் என் பையை வாங்கிக்கொண்டு போய், வாயைச் சுருக்கிக் கட்ட நாடா வைத்துத் தைத்துக் கொண்டுவந்தாள். தண்ணீர் கண்ணில் படாவிட்டால் கேட்கத் தோன்றாது என்றாள். மூடி வைத்தாலும் கேட்டாள்.

ஒரு சாயங்காலம் எனக்குப் பொறுக்கவில்லை. உனக்குக் காவல் இருக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்களா, டேவிட்டிடம் கேள், டாக்டரிடம் கேள், என் உயிரை ஏன் எடுக்கிறாய் என்று கத்திவிட்டேன். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “நீங்க குடுத்துடுவீங்கன்னா உங்காண்ட உக்காரவே மாட்டேன்கா” என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சிறுநீரகம் போனவளின் தூக்கம் சுலபமான தூக்கம் இல்லை. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள் சொந்த ஊர். அங்கேதான் அடக்கம். அலுவலக வேனையே கேட்டு வாங்கிக்கொண்டு போனோம். ஜெபம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரமாக டேவிட் என் பக்கத்தில் வந்து நின்றார். ஆட்டோ ஓட்டுகிறவர், அதிகம் பேசி நான் கேட்டதில்லை. கடைசி நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை, தண்ணீருக்கும் கணக்கு வேண்டாம், கேட்டதைக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். எஸ்தரிடம் அதைச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. கீழே கடைக்குப் போய்ப் பெரிய பாட்டில் ஒன்று, நன்றாகக் குளிர்ந்ததாகப் பார்த்து வாங்கி வந்து, அவளைத் தூக்கி உட்காரவைத்து வாயருகே கொண்டுபோயிருக்கிறார்.

“ரெண்டு முழுங்குதான் குடிச்சா. கையால தள்ளிட்டா. இன்னாத்துக்கு இம்மாந் தண்ணி குடுக்கற, நாளைக்கு மூச்சு வாங்கும், வேலைக்கு வேற போவணும்னா. குடிம்மா, பரவால்லன்னு சொன்னேன். அக்காவே குடுக்க மாட்டாங்க, நீ குடுக்கறியேன்னு என்னியத் திட்டனா. எனக்கு சொல்லவும் முடில, குடுக்கவும் முடில.”

விடிவதற்குள் அவள் போய்விட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த பாட்டில் கிட்டத்தட்ட அப்படியே இருந்ததாம். கீழே கொட்ட மனமில்லாமல், மிச்சத்தைத் தானே குடித்ததாக டேவிட் சொன்னார்.

அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருடமும் நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அலுப்புதான். நாளைக்கும் அதே வேன், அதே சாலை, யாரோ கட்டிய பில். எஸ்தர் அப்படி ஒரு மறுநாளுக்காகத்தான் ஒவ்வொரு வாயையும் அளந்து குடித்தாள், என்னையும் காவலுக்கு வைத்தாள். சாகப்போகிறவளாக அவள் சாகவில்லை. மறுநாள் காலை வேலைக்கு வரவேண்டியவளாகவே இருந்து செத்துப்போனாள். அவளிடமிருந்து நாளைக்கு என்ற அந்தச் சொல்லை நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.