தொட்டியில் ஊற்றிய மருந்து

என் மகளுக்கென்று மருத்துவர் எழுதித் தந்த மருந்தை மூன்று மாதம் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். கொடுத்துவிட்டதாகத் தினமும் பொய் சொன்னேன்.

ஆம், நான்தான். பெற்ற தகப்பன்!

நிவேதாவுக்கு அப்போது ஏழு வயது. வீட்டில் என்னோடு தமிழ், அம்மாவோடு தெலுங்கு, வாய் ஓயாது. பள்ளிக்குள் நுழைந்தாலோ... ஒரு சொல் வராது. இரண்டு ஆண்டுகளாக எந்த ஆசிரியையும் அவள் குரலைக் கேட்டதில்லை.

பெங்களூரில் பார்த்த மருத்துவர், இது பிடிவாதமல்ல, பயம் என்றார். பயம் தணியத் தினமும் காலையில் சிறிதளவு திரவ மருந்து. கூடவே பேசப் பழக்கும் பயிற்சி. என் மனைவி ஜெயந்தி உடனே ஒப்புக்கொண்டாள். அவளுக்கு ஓசூர்த் தொழிற்சாலையில் முதல் ஷிப்ட். விடியுமுன் கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். மருந்து என் பொறுப்பாயிற்று.

மனநல மருந்தா, என் பிள்ளைக்கா? நான்கு பேர் என்ன சொல்வார்கள்? அந்தக் கூச்சத்துக்கு அன்பு என்று பெயர் சூட்டிக்கொண்டேன். நீங்களாயிருந்தால்... வேண்டாம், உங்களை ஏன் துணைக்கு இழுக்கிறேன்?

ஒருநாள் காலை பள்ளி வேன் கதவில் அவள் விரல் நசுங்கியது. மாலை வரை அந்தக் கையை மடியில் மறைத்தபடி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். எலும்பு முறிந்திருந்தது.

மிஸ்ஸிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“தொண்ட வரைக்கும் வந்துச்சுப்பா. வெளிய வரல.”

மறுவாரம் மருத்துவர், முன்னேற்றமே இல்லையே, அளவைக் கூட்டலாம் என்றார். ஒரு சொட்டுகூட உள்ளே போகாத பிள்ளைக்கு! அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. இன்னும் ஒரு மாதம் இதே அளவு பார்க்கலாம் என்று கெஞ்சினேன். அவர் இசைந்தார்.

மறுநாள் முதல் ஒரு வேளையும் தவறாமல் மருந்தைக் கொடுத்தேன். பயிற்சிக்காகப் பள்ளி விட்டதும் காலி வகுப்பறையில் என்னோடு பேசுவாள். ஆசிரியை வாசலில் நிற்பார். பிறகு ஒரு பெஞ்சு தள்ளி அமர்வார். பிறகு பக்கத்தில். ஆறாவது வாரம் அவர் காதில் “தண்ணி வேணும் மிஸ்” என்றாளாம். என் மகள்!

சென்ற மாதம் ராயக்கோட்டைச் சந்தையில், நான் வாய் திறக்குமுன், “தக்காளி கிலோ எவ்ளோண்ணா?” என்று கடைக்காரரிடம் கேட்டாள். விலை கூடுதல் என்று பேரமும் பேசினாள். அங்கிருந்த எல்லோரையும் நிறுத்தி, இவள் என் பிள்ளை என்று சொல்லத் தோன்றியது. மருந்து பயத்தைத் தணித்தது. மீதித் தூரத்தை நடந்தவள் அவள். அந்தப் பெருமைக்கு என் நெஞ்சில் இடம் போதவில்லை.

ஆனால் அந்த மூன்று மாதம்... அவளிடமிருந்து நான் பறித்தது.

ஜெயந்திக்கு இன்றுவரை தெரியாது. நேற்று தன் அக்காளிடம் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்: “எல்லாம் இவராலதான்க்கா. ஆரம்பத்துலேர்ந்து ஒருநாள்கூட மறக்காம மருந்து குடுத்தாரு.”

அக்காள் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் கூப்பினேன்.