நர்ஸ் மருமகள்

பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார் சமையலைப் பற்றிக் கேட்கவில்லை. "ஆஸ்பத்திரியில எந்த வார்டும்மா?" என்றுதான் கேட்டார். தென்காசியில் மனநலப் பிரிவு என்று நான் சொன்னதும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. முன்பு வந்தவர்கள் அந்தப் பதிலைக் கேட்டதுமே காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போயிருந்தார்கள். இவர்களோ ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "நல்லதாப் போச்சு. இப்படிப் பொறுமையான பிள்ளைதான் எங்களுக்கு வேணும்" என்றார் மாமியார். நாங்களும் பெரிய மனசு என்று நினைத்தோம்.

கல்யாணமாகி செங்கோட்டை வீட்டுக்குப் போன அந்த வாரமே காரணம் தெரிந்தது. பின்கட்டில் பூட்டிய அறை ஒன்று இருந்தது. உள்ளே என் கணவரின் அண்ணன் இருந்தார், எனக்கு அத்தான் முறை. கல்லூரியில் படிக்கும்போது யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சொல்ல ஆரம்பித்தவர், பிறகு தனக்குத்தானே பேசவும் பயந்து அலறவும் தொடங்கியிருக்கிறார். எங்களிடமும் ஊராரிடமும் அவர் துபாயில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

"உன்னைய ஏமாத்தணும்னு நினைக்கல. நீ வந்தா அவனைப் பாத்துக்கிடுவேன்னு அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை" என்றார் என் கணவர். லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். அம்மாவை எதிர்த்துப் பேசத் தெரியாது.

பகலில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பத்தாரை உட்கார வைத்து, இது சாபமில்லை, வியாதிதான், பூட்டி வைக்காதீர்கள் என்று சொல்வேன். பயிற்சிக்கு வரும் நர்ஸிங் மாணவிகளுக்கும் அதையே பாடமாக எடுப்பேன். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்து, மாமியாரிடம் சாவி வாங்கி, கதவைத் திறந்து சோறு வைத்துவிட்டு மறுபடியும் பூட்டுவேன். அத்தான் சுவரோரம் ஒண்டி உட்கார்ந்து என் கையையே பார்ப்பார். சில நாட்களில் யார் உள்ளே, யார் வெளியே என்று எனக்கே குழம்பும்.

"அத்தை, ஒரு தடவை டாக்டர்ட்ட காட்டிருவோம்" என்று கேட்காத நாளில்லை.

"உன் நாத்தனா சின்னவளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கேன். வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்? நீதான் நர்ஸுல்லா, மாத்திரையக் கொண்டாந்து சோத்துல கலந்து குடு."

"டாக்டர் பாக்காம மாத்திரை குடுக்க முடியாது அத்தை. அவங்களுக்குத் தெரியாம கலக்கவும் மாட்டேன். ஒரு நாள் தெரிஞ்சு போச்சுன்னா அப்புறம் சோத்தையே தொட மாட்டாங்க."

அம்மாவிடம் சொல்லி அழுதேன். "பொறுத்துக்கோ" என்றாள். ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொல்லவில்லை.

சீசன் தொடங்கியது. குற்றால அருவியில் தலை நனைத்தால் தெளியும் என்று யாரோ சொல்ல, மாமியார் ஒரே பிடியாக நின்றார். விடியற்காலையில் கூட்டம் இருக்காது என்று அத்தானைக் காரில் கூட்டிப் போனோம். ஆனால் அங்கே ஏற்கெனவே நல்ல கூட்டம். தலை நிறைய எண்ணெய் தேய்த்து, என் கணவரும் அவருடைய தாய்மாமாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அருவிக்குள் நிறுத்தினார்கள். தண்ணீர் தலையில் விழுந்ததும் அவர் அலறிவிட்டார். கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. போலீஸ்காரர் விசில் ஊதினார். சுற்றிலும் செல்போனைத் தூக்கிவிட்டார்கள்.

பெண்கள் பக்கம் நின்ற நான் தடுப்பைத் தாண்டி ஓடினேன்.

"கையை விடுங்க. ரெண்டு பேரும் தள்ளிப் போங்க" என்று கத்தினேன். பிறகு வார்டில் பேசுகிற குரலில் அவரிடம் சொன்னேன். "அத்தான், நான்தான். தண்ணி வேண்டாம்னா வேண்டாம். கம்பியைப் பிடிச்சுக்கிட்டே மெதுவா வாங்க. யாரும் தொட மாட்டாங்க."

வந்தார்.

கூட்டத்தில் நின்ற எங்கள் தெருக்காரர் ஒருவர், "இது துபாய்ல இருக்கவன்லா?" என்றார். மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இனி மறைக்க ஒன்றுமில்லை. ஈரத்துணியோடு காரில் ஏற்றி நேராகத் தென்காசிக்கு விடச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. டாக்டர் "யாரும்மா இவரு?" என்று கேட்டபோது, "எங்க வீட்டுக்காரரோட அண்ணன்" என்றேன். சீட்டில் அவர் பெயரை நானே எழுதினேன்.

சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பியவரை யாரும் பூட்டவில்லை. இப்போது தம்பி கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிறார், தனியாகவே டீ குடிக்கப் போய் வருகிறார். டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசியை மாதாமாதம் நான்தான் போடுகிறேன். நாத்தனாருக்கு ஒரு வரன் கலைந்து இன்னொன்று அமைந்தது. நான் மேற்படிப்பை முடித்தேன். போன வருஷம் மதுரையில் ஒரு நர்ஸிங் கல்லூரியில் மனநலப் பாடம் நடத்தக் கூப்பிட்டார்கள். நான் ஆசைப்பட்ட வேலை.

"நீ போயிட்டா அவனுக்கு யாரு ஊசி போடுவா? வேற ஆளு தொட்டா ஒத்துக்கிட மாட்டுக்கானே" என்றார் கணவர்.

அத்தானிடமே கேட்டேன். "நீ போம்மா, நான் ஆஸ்பத்திரியில போட்டுக்கிடுதேன்" என்றார். மறுவாரம் ஊசி நாளில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் நான் வெளியே நின்றேன். வேறு நர்ஸ் சிரிஞ்சை எடுத்ததும் எழுந்து வராந்தாவுக்கு வந்து, வியர்த்து, என்னைத் தேடிக்கொண்டு நின்றார். நானே போட்டேன்.

மதுரைக்கு போன் செய்து வர முடியாது என்றேன். பேசி முடித்து அடுப்படிக்குப் போனபோது மாமியார் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். போனில் யார் என்று அவர் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை.