பெட்டிக்குள் போன திருநீறு

போன ஆடி மாதம் என் வடகப் பெட்டிகளை ஜெர்மனியில் சுங்க அதிகாரிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். உள்ளே போதைப் பொடி இருக்கிறதோ என்று சந்தேகம். முருகன் அடியார்களே, செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் உரித்துப் பிழைக்கிற எனக்கு இப்படி ஒரு பேர் வந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

நானும் இன்னும் ஐந்து பெண்களும் சேர்ந்து தாளிப்பு வடகம் செய்கிறோம். சித்திரை வெயிலில் காய வைத்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி எடுப்போம். முன்பெல்லாம் அதைத் திருச்சி முதலாளி ஒருவர் வாங்கி, தன் பேர் போட்ட கவரில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார். கவரில் மீசையோடு அவர் படம் வேறு. அந்த மனுஷனுக்கு வடகத்தில் உளுந்து சேருமா, துவரை சேருமா என்பது கூடத் தெரியாது. மகளிர் தினம் வந்தால் மட்டும் எங்கள் நினைப்பு வரும். மண்டபத்துக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு சால்வை போர்த்தி, "இவங்களத் தூக்கி விட்டதே நான்தான்" என்று மைக்கில் முழங்குவார். நாங்கள் வேர்த்து விறுவிறுத்துப் போட்டோவுக்கு நிற்போம்.

அந்தக் கூத்து போதும் என்று என் பேரிலேயே ஏற்றுமதி உரிமம் வாங்கினேன். விஷயம் தெரிந்ததும் முதலாளி போன் போட்டார்.

"ஏம்மா வளர்மதி, எக்ஸ்போர்ட்னா டவுன் பஸ்ஸுல கூடைய ஏத்துறதுன்னு நெனச்சியா? ஒரு தடவ மாட்டுனாத் தெரியும். அப்ப என்கிட்டதான் வரணும்."

"வர மாட்டேங்க சார்" என்று வைத்துவிட்டேன்.

ஜெர்மனியில் மளிகைக் கடை வைத்திருக்கும் சிவயோகம் அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், சரக்கு கேட்டார். பெட்டி கட்டும் நாளன்று எங்களில் ஒருத்தியான பாக்கியம் மலைக்கோயிலுக்குப் போய் ஒரு தூக்கு நிறையத் திருநீறு வாங்கி வந்தாள்.

"யக்கா, மொத சரக்கு. பெட்டிக்கு ஒரு பொட்டலம் போட்டு வுடுவோம். முருகன் கூடவே போவட்டும்."

எல்லோருக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவரில் கட்டி, கும்பிட்டு, உள்ளே வைத்தோம். வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும் பெட்டியில் பேர் எழுதாத வெள்ளைப் பொடி. ஆறு பேரில் ஒருத்திக்கும் அது உறைக்கவில்லை.

பெட்டிகள் விமானம் ஏறிப் போய்ச் சேர்ந்த பிறகு அக்கா கூப்பிட்டார்.

"தங்கச்சி, பெட்டிக்குள்ள என்ன வெள்ளைத் தூள் வச்சனீங்கள்? சாமானைப் பிடிச்சு வச்சிருக்கிறாங்கள்."

"திருநீறுக்கா."

"எனக்கு விளங்குது. அவங்களுக்கு விளங்க வேணுமே. சோதனைக்கு அனுப்பியிருக்கிறாங்கள். பிழையெண்டால் முழுக்க அழிச்சுப் போடுவாங்கள். உங்கட பேரில இனி ஒண்டும் எடுக்க விடமாட்டாங்கள்."

ஆக, அந்தப் பேர் போனால் ஆறு பேரும் மறுபடி மீசைக்காரரின் கவருக்குள் போக வேண்டியதுதான். ஊருக்குள் செய்தி பரவியது. சொந்தக்காரர்கள் துக்கம் கேட்பது போல வந்து உட்கார்ந்தார்கள். "பொம்பளைக்கு எதுக்குங்க இந்த ஏரோப்ளேன் ஏவாரம்?" என்று உச்சுக்கொட்டிவிட்டு, போகும்போது குழம்புக்கு இரண்டு உருண்டை வடகம் கேட்டு வாங்கிப் போனார்கள். சிலரை வெட்கம் வைத்துப் படைக்கவே இல்லை. முதலாளியும் போன் செய்தார். "சொன்னேனா இல்லையா? பழையபடி என் பேருலயே குடுத்துரு" என்றார். குரலில் பாயசம் குடித்த சந்தோஷம்.

ஆடிக் கிருத்திகையன்று மலையேறினேன். காவடிக் கூட்டத்தில் இடிபட்டுச் சன்னிதிக்கு முன்னால் நின்றேன். எங்கள் ஊர் முருகனுக்குக் கையில் கரும்பு; அதைப் பிடித்துக்கொண்டு ஜம்மென்று நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாட்டி விட்டது உன் சாம்பல். எடுத்து விடவேண்டியதும் நீதான். அந்த ஆளு வாசல்ல மட்டும் என்னக் கொண்டு போயி நிறுத்தாத. நிறுத்துன, நான் உன் படிய மிதிக்க மாட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை பீறிட்டது. குருக்கள் திருநீறு நீட்டினார். வாங்கக் கை கூசியது. ஆனாலும் வாங்கி நெற்றி நிறையப் பூசிக்கொண்டு இறங்கினேன்.

ஆடி முடிவதற்குள் அக்காவிடமிருந்து போன் வந்தது. எடுத்ததும் சிரிப்புச் சத்தம்.

"தங்கச்சி, சாம்பல் எண்டு கண்டுபிடிச்சிட்டாங்கள். விட்டாச்சு. அதோட வடகத்தையும் சேர்த்தெல்லோ சோதிச்சவங்கள். பூச்சிமருந்து இல்லை, பூஞ்சணம் இல்லை, கலப்படம் இல்லையெண்டு எழுதித் தந்திருக்கிறாங்கள். இதைக் காட்டினால் இங்க பெரிய கடையளே எடுக்கும்."

அந்தச் சோதனையைச் செய்ய எங்களுக்கு வசதியில்லை. இத்தனை காலம் வியாபாரம் செய்த முதலாளி, தேறாது என்று பயந்தே தன் சரக்கை அதற்கு அனுப்பியதில்லை. எது எங்களை முடித்துவிடும் என்று பயந்தேனோ, அதையே வைத்துக் கதவைத் திறந்து விட்டான் முருகன். அன்று நாங்கள் ஆறு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம்.

இப்போது கவரில் என் பேர் இருக்கிறது. படம் கிடையாது, வடகம் வாங்குகிறவர்களுக்கு என் மூஞ்சி எதற்கு? இன்னும் பல பெண்கள் எங்களோடு சேர்ந்திருக்கிறார்கள். கிருத்திகை தவறாமல் மலையேறுகிறோம்.

தை மாதம் முதலாளி காரில் வந்து இறங்கினார். நாற்காலி போட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வளர்மதி, அந்தத் திருநீறு எந்தக் கோயில்ல வாங்குனது? நம்ம பெட்டியிலயும் நாலு பொட்டலம் போட்டு வுடலாம்னு பாக்குறேன்."

"செட்டிகுளந்தாங்க சார். நெறையவே போடுங்க."

போட்டாரா என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், அடியார்களே. கஷ்டம் வந்தால் அவனிடம் போங்கள். கோபம் வந்தால் முகத்துக்கு நேரே திட்டுங்கள், கேட்டுக்கொள்வான். முழுசாக நம்புங்கள். ஆனால் திருநீற்றை நெற்றியில் பூசுங்கள், பெட்டிக்குள் போடாதீர்கள்.