இருவரும் இறந்தனர்

வங்கியில் முப்பது வருடம் வேலை பார்த்ததில் மீனாக்ஷிக்கு ஒரு குணம் படிந்திருந்தது. இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பதிவை அவள் சந்தேகிக்க மாட்டாள். ஓய்வு பெற்ற மறு வருடம், 1996இல், டாலிகஞ்சிலிருந்து பஸ் பிடித்து பெஹாலாவுக்குப் போய்வரத் தொடங்கினாள். எப்போதோ மூடிவிட்ட ஓர் அனாதை இல்லத்தின் பதிவேடுகள் அங்கே தகரப் பெட்டிகளில் கிடந்தன. தூசி தட்டி, யார் எப்போது சேர்ந்தார்கள், பெற்றோர் நிலை என்ன என்று அட்டவணை போடும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

துரைசாமி அவளைத் தேடி அங்கே வந்தார். சினிமா ஸ்டூடியோவில் லைட் போடுகிறவர். வயது ஐம்பத்தைந்து. அந்த இல்லத்தில் வங்காளம் பேசி வளர்ந்தவர். தமிழே கல்யாணத்துக்குப் பிறகு மனைவி ராஜத்திடம் கற்றுக்கொண்டதுதான். அக்கா என்பதற்கு இன்னமும் 'தீதி' என்றுதான் சொல்வார்.

"தீதி, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். என்னப் பெத்தவங்க செத்துப் போனாங்களா, விட்டுட்டுப் போனாங்களா? பசங்ககிட்ட செத்துட்டாங்கன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். எனக்கே தெரியாது."

மகாளயா அமாவாசையன்று முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய ஊரே கங்கைக்கரையில் நிற்கும். அவர் மட்டும் போனதில்லை. ஒருவேளை உயிரோடு இருந்தால், அவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் எப்படி விடுவது?

மீனாக்ஷி அவர் பெயரைக் கண்டுபிடித்தாள். எதிரே 'பெற்றோர் இருவரும் இறந்தனர்' என்று எழுதி, காப்பாளரும் செயலாளரும் கையெழுத்திட்டிருந்தார்கள். உடனே சொல்லி அனுப்பினாள். அந்த மகாளயாவுக்கு துரைசாமி வேட்டி கட்டிக்கொண்டு கங்கையில் இறங்கினார்.

அதன் பிறகுதான் அவள் மற்ற பக்கங்களை நிதானமாகப் படித்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே வாக்கியம். ஞாயிறுதோறும் அப்பா வந்து பார்த்துப் போனதாக வருகைப் புத்தகத்தில் இருந்த பையனுக்கும் அதே. காரணம் கமிட்டிக் கூட்டக் குறிப்பில் கிடைத்தது. இருவரையும் இழந்த பிள்ளைக்கு மட்டுமே நன்கொடையாளர்கள் சோறு போடச் சம்மதித்திருந்தார்கள். ஆகவே எல்லோரையும் அப்படியே எழுதச் சொல்லித் தீர்மானம்.

பேசாமல் இருந்திருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அது உண்மை என்று துரைசாமியிடம் சொன்னவள் அவள். ஜாதவ்பூரில் இருந்த அவர் வீட்டுக்குப் போனாள்.

படித்ததைச் சொன்னாள். துரைசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப உயிரோட இருக்கறவங்களுக்கா தர்ப்பணம் பண்ணினேன்?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரியலங்க."

"விட்டுட்டுப் போனாங்களா?"

"அதுவும் அந்தப் புஸ்தகத்துல இல்ல. நான் அவசரப்பட்டுட்டேன்."

ராஜம் டீ டம்ளரை டொக்கென்று வைத்தாள். "இந்த மனுஷன் இப்பத்தான் கொஞ்சம் சிரிச்சுப் பேசறாரு. அது பொறுக்கலையா தீதி உங்களுக்கு?"

"நீ சும்மா இரு" என்றார் துரைசாமி. பிறகு மீனாக்ஷியிடம், "உங்க லிஸ்ட்ல இப்ப என்ன எழுதப் போறீங்க?"

"எல்லாருக்கும் 'தெரியவில்லை'ன்னு."

"எனக்கு மட்டும் பழசையே விட்டுடுங்களேன். யாரு பாக்கப் போறாங்க?"

"முடியாதுங்க."

"பேங்க்ல லோன் கேட்டு வந்தவனையும் இப்படித்தான் அனுப்பியிருப்பீங்க!" சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "சரி, எழுதிக்குங்க. அது உங்க புஸ்தகம். ஆனா என் பசங்ககிட்ட நான் சொல்றத நீங்க திருத்த வரக்கூடாது."

அதற்கும் ஒரு மறுப்பு அவளிடம் இருந்தது. சொல்லவில்லை. "வர மாட்டேன்" என்றாள்.

மறுநாள் பெஹாலாவில் தன் அட்டவணையில் அவர் பெயருக்கு நேரே 'தெரியவில்லை' என்று எழுதினாள். துரைசாமியின் பிள்ளைகளுக்கு இன்றுவரை தாத்தாவும் பாட்டியும் இறந்துபோனவர்கள்தான்.