சதுப்பர் நாட்டு வரைபடம்

நான் எழுதிய பத்தி ஒன்றை இன்னொருவர் வாசிக்கக் கேட்டு எனக்குக் கை கால் விறைத்துப்போனது ஒரே ஒரு முறைதான். அந்தப் பத்தி எப்படி எழுதப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

தஞ்சாவூரில் தெருவுக்கு இரண்டு கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அங்கே ஒரு பெண்கள் விடுதியில் தங்கி முதுகலைப் பொருளியல் படித்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் வேலைபார்த்த என் அத்தை மகன் விடுமுறைக்கு வந்தபோது, தைலப் புட்டிகளுக்கும் சோப்புக் கட்டிகளுக்கும் நடுவில் வைத்துத் தடித்த ஆங்கில நாவல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். வாளும் மந்திரமும் பறக்கும் நாகங்களும் நிறைந்த சாகசக் கதை. ஒரு விளையாட்டின் உலகத்திலிருந்து பிறந்த நாவல் அது என்று பின்னட்டை சொன்னது. அந்த விளையாட்டின் விதிகள் அடங்கிய மெல்லிய புத்தகமும் கூடவே இருந்தது.

பலகையோ காய்களோ இல்லாத விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதை இருபது முகம் கொண்ட பகடை முடிவுசெய்யும். அப்படியொரு பகடை தஞ்சாவூரில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. விடுதியில் கிடந்த பழைய தம்போலாப் பெட்டியிலிருந்து ஒன்று முதல் இருபது வரையுள்ள வில்லைகளைப் பொறுக்கி, காலிப் பவுடர் டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். எங்கள் போர்களெல்லாம் பவுடர் வாசனையோடு நடந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் தலைக்குக் குளித்துவிட்டு முடி காயும்வரை விளையாடுவோம். மூன்றே பேர். நான் கதை நடத்துபவள். பட்டுக்கோட்டைத் தேங்காய் மண்டிக்காரர் ஒருவரின் மகள் வாள் பிடிப்பவள். என் அறைத்தோழி வில்லாளி.

"கண்டக்டரம்மா, அடுத்த ஸ்டாப்பிங் எங்க?" என்பாள் பட்டுக்கோட்டைக்காரி, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"காட்டுக்குள்ள ஒரு பாலம். பாலத்துக்குக் கீழ ஒரு பூதம் படுத்திருக்கு."

"டிக்கெட் வாங்கிடுச்சா?"

"கிண்டல் பண்ணாதடி. என்ன செய்யப்போற, சொல்லு."

"வாளெல்லாம் எனக்குச் சரிப்படாது. அரிவாளைக் குடு, தேங்கா சீவுற மாதிரி சீவிடுறேன்."

அறைத்தோழி அதற்குள் டப்பாவைக் குலுக்கியிருப்பாள். "இவ பேசி முடிக்கிறதுக்குள்ள நான் அம்பு விட்டாச்சு. பதினெட்டு. பூதம் காலி."

அவளும் நானும் ஒரே ஊர். ஊரில் ஒருவரோடொருவர் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. ஊருக்குத் தெற்கே வடிகால் ஓடுகிறது. அதற்கு அப்பால் காலனி. அவள் வீடு அங்கே. பள்ளிக் காலத்திலிருந்தே வெளியூர் விடுதிகளில் தங்கிப் படித்தவள். அப்பா இல்லை. அண்ணன் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போய் இவளைப் படிக்கவைத்தான். விடுதிக் காப்பாளர் எங்களை ஒரே அறையில் போட்டது தற்செயல். ஆறே மாதத்தில் அவள் தட்டிலிருந்து நான் எடுத்துச் சாப்பிட்டேன். என் புடவையை அவள் கட்டிக்கொண்டாள். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. சமத்துவத்தைப் பற்றிப் பேச்சுப்போட்டிகளில் பரிசு வாங்கியவள் நான். பேசியதை வாழ்ந்து காட்டிவிட்டதாகவே நம்பினேன்.

அந்த விளையாட்டின் உலகத்தை வைத்துத் தமிழில் ஒரு நாவல் எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு ஞாயிறும் விளையாடியது அடுத்த வாரம் ஓர் அத்தியாயமாகும். என் கையெழுத்து என் கண்ணுக்கே புரியாது. அறைத்தோழியின் எழுத்து முத்து முத்தாக இருக்கும். நான் கிறுக்கியதை அவள் நீள நோட்டில் படியெடுத்தாள்.

இல்லாத உலகத்துக்கும் வரைபடம் வேண்டும். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அதற்கு ஒரு சுலபமான வழி தென்பட்டது. என் அப்பா கிராம நிர்வாக அலுவலர். தனி அலுவலகம் இல்லாததால் கிராமத்தின் நில வரைபடம் எங்கள் வீட்டுப் பீரோவில் இருந்தது. அதோடு குண்டூசியால் குத்தியிருந்த சில தாள்களைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தேன். அவற்றின் முதுகில் பென்சில் முனையைக் கிறுக்கிச் சரிபார்த்துக்கொண்டேன். வரைபடத்தின் மேல் மெல்லிய தாளைப் பரப்பிக் கோடுகளைப் படியெடுத்தேன். பெயர்களை மட்டும் மாற்றினேன். கோயில் கருங்கற்கோட்டை ஆயிற்று. எங்கள் வீட்டை நீதிமான் மாளிகை ஆக்கினேன். தெற்கே வடிகாலுக்கு அப்பால், கணக்கில் புறம்போக்கு என்று குறித்திருந்த மேட்டில் விளையாட்டில் வரும் சதுப்பர் என்ற அரக்க இனத்தைக் குடிவைத்தேன். யோசித்துச் செய்ததாக நினைவில்லை. கை தானாக அங்கே போயிற்று.

விதிப்புத்தகத்தில் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. சதுப்பர் பக்கத்தை அப்படியே மொழிபெயர்த்திருந்தேன்: சேற்றில் வாழ்பவர்கள், இயல்பு தீயது, கொன்றால் தலைக்குப் பதினைந்து புள்ளி. "மொழி இல்லை" என்பது மட்டும் நான் சேர்த்தது. அவர்கள் பேசத் தொடங்கினால் கதை நீளும் என்று நினைத்தேன்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் எங்கள் வீரர்கள் சதுப்பர் குடிசைகளைக் கொளுத்தினார்கள். அறைத்தோழிக்கு அன்று அதிகப் புள்ளி. அந்த வாரமே அதை ஏழாம் அத்தியாயமாக எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு, பட்டுக்கோட்டைக்காரி ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தபோது, அறைத்தோழி நோட்டைப் பாதியில் திறந்து வைத்திருந்தாள். படியெடுப்பது ஓர் இடத்தில் நின்றிருந்தது. என் கிறுக்கலைக் கையில் எடுத்து உரக்க வாசித்தாள்.

"'சதுப்பர்களுக்கு ஒரு விநோத வழக்கம் உண்டு. இறந்தவரை அவர்கள் தரைவழியே கொண்டுபோவதில்லை. மார்பளவு நீரில் இறங்கி, பாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஓடையின் வழியே நடப்பார்கள். அவர்களுடைய தெய்வம் நீரில் வசிப்பதாக நம்புகிறார்கள் போலும்.'"

தாளைக் கீழே வைத்தாள். "இதை எங்க பார்த்த?"

"எதை?"

"எங்க பார்த்தன்னு கேட்டேன்."

"எங்க வீட்டு மாடியிலேர்ந்து. ஐப்பசி மழையில. ரொம்ப சின்ன வயசுல."

"சின்ன வயசு இல்ல. ஒம்பதாவது படிக்கிறப்ப. அது எங்கப்பா."

அந்தக் காட்சி எனக்குள் அத்தனை ஆண்டுகள் கிடந்திருக்கிறது: சாம்பல் நிற மழை, கலங்கிய நீர், அதற்கு மேலே மிதப்பதுபோல் போன பாடை. யாருடைய சாவு என்று நான் யாரையும் கேட்கவில்லை. அழகான காட்சி என்று எடுத்து வைத்திருந்து, சமயம் வந்தபோது மனிதர் அல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

"தெய்வம் தண்ணியில இல்லடி," என்றாள். "பாதை இல்ல. வரப்பு மேல பாடையைத் தூக்கிட்டுப் போனா வயக்காரங்க விடுவாங்களா?"

பிறகு எழுந்து, சுவரில் ஒட்டியிருந்த என் வரைபடத்தின் அருகே போனாள். வடிகாலின் மேல் விரலை வைத்தாள். "இது மதகு. நடுவுல உடைஞ்சிருக்கும். இது மூணு பனைமரம். இங்க அடிபம்பு." விரல் நின்றது. "இது எங்க வீடு. ரெண்டு மாசமா என் தலைமாட்டுல தொங்குது. எனக்குத் தெரியல. ஊரோட வரைபடத்தை எங்க தெருவுல யாரு கண்டா?"

பட்டுக்கோட்டைக்காரி தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போன வாரம் நானே அம்பு விட்டிருக்கேன்," என்றாள் அறைத்தோழி. "எங்கம்மா மேல."

"கிழிச்சுடுறேன்," என்றேன். "இப்பவே கிழிச்சுடுறேன்."

"கிழிக்காத. கிழிச்சுட்டா நீ நல்லவ ஆயிடுவ. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் நடத்துறேன். நீ விளையாடு. அதுக்கப்புறம் உன்கூடப் பேசலாமா வேணாமான்னு பாக்கறேன்."

அந்த ஒரு வாரமும் ஒரே அறையில், இரண்டு கட்டில்களில், பேசாமல் இருந்தோம். அவள் தனித் தட்டில் சாப்பிட்டாள்.

ஞாயிறு வந்தது. அவள் எனக்கு ஒரு தாளை நீட்டினாள். சதுப்பர் பெண், பலம் நான்கு, குழந்தைகள் இரண்டு, ஆயுதம் இல்லை. வாள்காரி தீப்பந்தத்தோடு வருகிறாள் என்று கதையைத் தொடங்கினாள்.

"நான் அவகிட்டப் பேசறேன்," என்றேன். "எங்களை விட்டுடச் சொல்லிக் கேக்கறேன்."

"உனக்கு மொழி இல்ல. நீ எழுதின விதி."

"கையைக் கூப்பறேன்."

"அதை மிரட்டல்னு நெனைக்கறா. 'இயல்பு தீயது'ன்னு அவ படிச்சிருக்கா."

"போதும்டி, எனக்கு இவளைக் கொல்லத் தோணல," என்றாள் பட்டுக்கோட்டைக்காரி.

"போன தடவை தோணுச்சே. உக்காரு."

குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மதகை நோக்கி ஓடினேன். உடைந்த இடத்தைத் தாண்டப் பன்னிரண்டுக்குக் குறையாமல் வர வேண்டும் என்றாள். டப்பாவைக் குலுக்கினேன். பதினேழு. வெறும் வில்லைதான், ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தாண்டி ஊருக்குள் வந்துவிட்டேன்.

"பெரிய தெரு," என்றாள். "எல்லாக் கதவும் சாத்தியிருக்கு. எந்தக் கதவைத் தட்டுற?"

வரைபடத்தில் நீதிமான் மாளிகையைத் தொட்டேன். வேறு எதைத் தொடுவேன்? நான் டப்பாவை எடுக்கப் போனபோது அவள் அதன் வாயைக் கையால் மூடினாள்.

"இதுக்கு நம்பர் வேணாம். அந்த வீட்டு ஆளுங்களை உனக்குத் தெரியும். நீயே சொல்லு. கதவைத் தொறப்பாங்களா?"

என் அப்பா நல்லவர். வாசலுக்கு வருபவர் யாராக இருந்தாலும் கடுஞ்சொல் சொல்லாதவர், சான்றிதழுக்கு அலையவிடாதவர். "திறப்பாங்க" என்று சொல்ல நாக்கைப் புரட்டினேன். வரவில்லை. "மாட்டாங்க" என்றும் வரவில்லை. கீழே தேநீருக்கு மணி அடித்தது. அவள் எழுந்து போனாள்.

அந்த ஞாயிறு விளையாடியதை எட்டாம் அத்தியாயமாக அவளே எழுதினாள். "அவள் கதவைத் தட்டினாள்" என்பதோடு நிறுத்தி, அடுத்த வரியை வெறுமையாக விட்டிருந்தாள். தேர்வு முடிந்து பெட்டி கட்டிய நாளில் நோட்டை என் கட்டிலில் வைத்தாள். "அந்த வரி உன்னோடது. தெரிஞ்சப்ப எழுது."

ஊருக்கு வந்ததும் பீரோவைத் திறந்து வரைபடத்தை எடுத்தேன். அந்தத் தாள்கள் மீண்டும் அதோடு குத்தப்பட்டிருந்தன. முதுகில் என் பென்சில் கிறுக்கல்கள். முதன்முறையாகத் திருப்பிப் பார்த்தேன். சுடுகாட்டுப் பாதை வேண்டி ஒரு விண்ணப்பம். கீழே வரிசையாகக் கைநாட்டுகள். எழுதியிருந்த எழுத்து முத்து முத்தாக இருந்தது. கொஞ்சம் சின்னப் பிள்ளைத்தனமாக, ஆனால் ஐயமே இல்லாமல் அவளுடையது. அப்பாவைத் தண்ணீரில் கொண்டுபோன பிறகு, ஒன்பதாம் வகுப்புப் பெண் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். அதன்மேல்தான் நான் பென்சிலைச் சரிபார்த்தேன்.

அப்பாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். "இது ஏம்ப்பா இங்கயே இருக்கு?"

"மேல அனுப்ப வேண்டியதுதாம்மா. நேரம் வரட்டும்."

"எட்டு வருஷமா வரலியா?"

"ரெண்டு பக்கமும் பட்டா நிலம். பாதைக்கு எடம் விட பட்டாதாரர் ஒத்துக்கணும். அதெல்லாம் லேசுல ஆவுற காரியமா?"

"பட்டாதாரர் யாருப்பா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். வெகுநேரம் துடைத்தார். "தெக்குப் பக்கம் யார் யாரோ. வடக்குப் பக்கம் நம்மளுது," என்றார்.

நோட்டை எடுத்து அந்த வரியை நிரப்பினேன்: "கதவு திறக்கவில்லை."

மறுநாள் காலை வடிகாலுக்குப் போனேன். பிறந்ததிலிருந்து அந்த ஊரில் இருந்தும் அந்த மதகை நான் தாண்டியதில்லை. நடுவில் உடைந்திருந்தது, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். அவள் அடிபம்பில் குடத்தை வைத்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திறந்து நின்றபடியே படித்தாள். அப்பா சொன்னதைச் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை.

"யாரு நிலம்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றாள். "அந்த ரூமுக்கு வந்த முதல் நாளே தெரியும். உனக்குத் தெரியுமான்னுதான் தெரியாம இருந்துச்சு."

அவள் மறுபடி நோட்டைப் பார்த்தாள்.

"என் எழுத்துக்குக் கீழ இப்படி ஒரு எழுத்தா? கோழி கெளறுன மாதிரி."

"நீயே திருத்தி எழுதிடேன்."

"வேணாம். இருக்கட்டும். பாதை வர்ற வரைக்கும் அடுத்த அத்தியாயம் எழுதாத."

அந்த ஆண்டே அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. பிறகு சிங்கப்பூர் போனாள். விண்ணப்பத்தை நானே தாலுகா அலுவலகத்தில் கொடுத்தேன். பிறகும் பலமுறை கொடுத்தேன். அப்பா ஒப்புக்கொள்ளாமலே ஓய்வுபெற்றார். நிலம் இப்போது என் அண்ணன் பெயரில் இருக்கிறது. மூன்றடி அகலம் விடுவதைப் பற்றி அவனிடம் பேசும்போதெல்லாம் அவனும் கண்ணாடியைத் துடைக்கிறான்.

அவள் தொலைபேசியில் பேசும் ஒவ்வொரு முறையும், நலம் விசாரித்து முடித்தபின் ஒரே கேள்வி கேட்பாள்.

"ஒம்பதாவது அத்தியாயம் ஆரம்பிச்சுட்டியாடி?"

"இன்னும் இல்ல," என்கிறேன்.