தொண்டைக்குத் தோண்டிய குழி

நாஞ்சில் நாட்டில் நெல் விலை தரைதட்டிக் கிடந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். தோவாளைப் பக்கம் நெல் குத்தி அரிசி விற்கிறவன் நான். சந்தையில் என் மூட்டைகளை ஈயைத் தவிர யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அப்போதுதான் குளச்சலில் பழக்கமான தண்டேல் ஒருவர், அதாவது பாய்மர ஓடத்தின் தலைவர், ஒரு யோசனை சொன்னார். மேற்குக் கடலில் இலட்சத் தீவுகள் இருக்கின்றன, அங்கே ஒரு மணி நெல் விளையாது, அரிசி கொடுத்தால் தென்னஞ்சக்கரையும் மாசிக் கருவாடும் ஏற்றி வரலாம் என்றார். மூட்டைகளை மட்டும் அனுப்பியிருக்கலாம். நானும் வருகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. என் வாய் எப்போதுமே என்னைக் கேட்டுப் பேசுவதில்லை.

கடல் பிரயாணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஓடத்தின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் குலதெய்வங்களைக் கூப்பிட்டேன். அவை தீர்ந்ததும் அடுத்தவர் தெய்வங்களையும் கூப்பிட்டேன்.

ஒருநாள் காலையில் கடலுக்கு நடுவே தென்னந்தலைகள் மட்டும் முளைத்தன. கரை என்றால் பின்னால் மலை நிற்கவேண்டும் என்று நினைத்திருந்த எனக்கு அது நிலமாகவே தோன்றவில்லை. சுற்றிலும் பவளப் பாறை வளையம், அதற்குள்ளே குளம்போல் அசையாத பச்சைத் தண்ணீர், அப்புறம் வெள்ளை மணல். ஆறில்லை, வாய்க்காலில்லை, குரைக்க ஒரு நாய்கூட இல்லை. தீவார் எல்லாரும் முஸ்லிம்கள். ஆண்கள் மீன்பிடிக்கவும் ஓடம் ஓட்டவும் போக, பெண்கள் கயிறு திரித்தார்கள். வீடும் தென்னையும் பெண் வழியில் போகும் மருமக்கத்தாயம். பேச்சு மலையாளம் மாதிரி. ஆனால் பாதிதான் பிடிபடும்.

அரிசியை இறக்கியாயிற்று. திரும்புவதற்குக் காற்றில்லை. மறுநாள் காலையில் ஒரு வீட்டுக்குப் பின்னால் படிவைத்த சின்னக் குழியில் தெளிந்த தண்ணீரைக் கண்டேன். பத்தடிக்கு ஒரு வாய்க்கால் ஓடும் ஊரில் பிறந்தவனுக்குத் தண்ணீரைப் பார்த்தால் கேள்வி எழாது. துண்டுதான் இடுப்பில் ஏறும். இறங்கி, உடம்பிலிருந்த உப்பெல்லாம் போகத் தேய்த்துக் குளித்தேன். பாட்டு வேறு.

பாட்டைக் கேட்டு அந்த வீட்டுக்காரி வந்தாள். தலையில் கைவைத்துக்கொண்டு அவள் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். தண்டேல் ஓடிவந்து, அது அவர்கள் குடிக்கிற கிணறு என்றார். மண்ணுக்கடியில் உப்புத் தண்ணீரின் மேலே ஏடுபோல் நிற்கும் கொஞ்சம் நல்ல தண்ணீர்தான் அந்தத் தீவின் சொத்தே என்றார். நான் அந்தச் சொத்தில்தான் முதுகு தேய்த்திருந்தேன். பெண்கள் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் கிணற்றை இறைத்து ஊற்றத் தொடங்கினார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று சாயங்காலம் ஓலை வேலிக்கு இந்தப்பக்கம் முடங்கிக் கிடந்தேன். அந்தப்பக்கம் தண்டேலும் அவருடைய குளச்சல் ஆள் ஒருவனும் பேசிக்கொண்டார்கள்.

"குழி தோண்டியாச்சா மக்கா?"

"தோண்டியாச்சி."

"கடல் வெள்ளம் ஏறதுக்கு முன்னே தொண்டை உள்ளே போட்டு மூடிரணும். மேலே கல்லு ஏத்தணும், இல்லேன்னா மிதந்து வந்திரும். வருசம் ஒண்ணு கிடந்து அழுகட்டும். பொறவு எடுத்து அடிச்சா நாரு நாரா வரும்."

"இன்னும் ஒராளு வேணுமே."

"அந்த அரிசிக்காரரு சும்மாதானே கெடக்காரு. கூட்டிட்டு வா. விசயத்தைச் சொல்லாதே, சொன்னா வரமாட்டாரு."

என் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. கிணற்றைக் கெடுத்தவனுக்கு இங்கே இதுதான் தண்டனை போலிருக்கிறது. கொல்வதுகூடச் சரி, ஒரு வருஷம் கழித்துத் தோண்டியெடுத்து வேறு அடிக்கவேண்டுமா?

எழுந்து ஓடினேன். கரையை ஒட்டியே ஓடினேன். கயிறு திரித்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். கோழிகள் சிதறின. ஒவ்வோர் அடிக்கும் குழியிலிருந்து தூரமாகப் போகிறோம் என்று ஒரு திருப்தி. தீவில் கரையோடு ஓடுகிறவன் எங்கே போய்ச் சேருவான் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அந்தத் தீவோ எங்கள் ஊர்ப் பெரிய குளத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மூச்சு முட்டி, வேட்டி தோளுக்கு வந்த நிலையில், தென்னைகளுக்கிடையில் புகுந்து வெளியே வந்தேன். எதிரே குழி. குழியோரத்தில் தண்டேல், அவர் ஆள், காலையில் கிணறு இறைத்த அதே பெண்கள்.

மணலில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு, "தொண்டை... தொண்டை..." என்றேன். விட்டுவிடுங்கள் என்பது வெளியே வரவில்லை.

தண்டேல் நிதானமாகக் கையை நீட்டிக் காட்டினார். "தொண்டு அங்கேல்லா குமிஞ்சு கெடக்கு, அண்ணாச்சி. அதுக்கு ஏன் இப்பிடி ஓடி வாறீரு?"

பார்த்தேன். தேங்காயை உரித்துப் போட்ட மட்டை, ஆள் உயரத்துக்கு. எங்கள் பக்கம் அதற்குக் கதம்பை என்று பேர், அடுப்பெரிக்க வைத்துக்கொள்வோம். குளச்சல் பக்கத்தார் வாயில் அது தொண்டு. உப்புத் தண்ணீர் ஊறும் குழியில் அதைப் புதைத்து, அழுகவைத்து, அடித்து நாரெடுத்துக் கயிறு திரிக்கிறார்கள் என்பது, கயிற்றைக் கடையில் மட்டுமே பார்த்த எனக்கு எப்படித் தெரியும்? காற்று வரும்வரை சும்மா இருப்பானேன் என்று தண்டேலும் அவர் ஆளும் அந்தப் பெண்களுக்குக் கைகொடுக்க வந்திருந்தார்கள்.

என் கை இன்னும் கழுத்திலேயே இருந்தது. அந்த வீட்டுக்காரி அதைப் பார்த்தாள். எழுந்து போனாள். அவள் கிணறு இன்னும் தெளிந்திருக்கவில்லை. வேறொரு வீட்டுக்குப் போய்ச் சிரட்டை நிறையத் தண்ணீர் வாங்கி, சிந்தாமல் மெதுவாக நடந்து வந்து என் முன்னால் நீட்டினாள்.

"குடிச்சோ," என்றாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "குளிக்கண்டா." குளிக்கவேண்டாமாம்.

குழியோரம் முழுக்கச் சிரித்தது. நானும் குடித்துக்கொண்டே சிரித்ததில் புரையேறி, உண்மையாகவே தொண்டைக்கு ஆபத்து வந்தது. பிறகு இருட்டுகிற வரைக்கும் அவர்களோடு கல் சுமந்தேன், உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிட்டது. ஏன் ஓடினேன் என்பதைத் தண்டேலிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. ஊர் திரும்புகிற வழியில் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம், குளச்சலில் இப்போது எனக்கு வேறு பேர் வைத்திருக்கிறார்கள்.

சிரித்து முடித்த பிறகு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அன்று சாயங்காலம் நான் அவர்களைக் கண்டு நடுங்கினேன். ஆனால் அந்தத் தீவில் யாராவது யாரையாவது கண்டு பயந்திருக்க வேண்டுமென்றால், குடிதண்ணீரைக் கெடுத்த என்னைக் கண்டு அவர்கள்தான் பயந்திருக்க வேண்டும்.